6,500 ரூபா ஃபேன் ஒண்டரை வருசத்தில செத்துப்போச்சு, மிச்சக் காச ஆர் கட்டினது?

வெள்ளவத்தை வாசி
வணக்கம் எல்லாருக்கும். விசயம் சின்னன்தான், ஆனா ரெண்டு நாளா மண்டைய குடையுது. போன வருசம் வெயில் தொடங்கேக்க புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில ஒரு ஸ்டாண்ட் ஃபேன் வாங்கினனான். 6,500 ரூபா, கேள்விப்படாத பேர், ஆறு மாச வொறண்டி. போன கிழமை இரவு ம்ம்ம்ம் எண்டு முனகிப்போட்டு நிண்டிட்டுது. பக்கத்து றோட்டில ஒரு கடையில கொண்டுபோய் வைச்சா அந்தப் பெடியன் திறந்துகூடப் பாக்கேல்ல, "அண்ணா இதத் திருத்துற காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டு புதுசு எடுங்கோ" எண்டிட்டான்.

எங்கட அம்மம்மா வீட்டில கொட்டாஞ்சேனையில ஒரு மேசை ஃபேன் இருந்தது, முழுக்க இரும்பு, தூக்கினா நாரி பிடிக்கும், 83 கலவரத்தில வீட்டச் சூறையாடினவங்கள் அதை ஏனோ விட்டிட்டுப் போயிட்டாங்கள், நான் ஏ.எல். படிக்கும் மட்டும் அதுதான் எனக்குக் காத்து.

சரி பழங்கதை கிடக்கட்டும். நான் கேக்கிறது இதுதான். அந்த 6,500 ரூபாக்குள்ள கம்பி இருக்கு, பிளாஸ்டிக் இருக்கு, அதைப் பூட்டினவன்ர கூலி, கப்பல் கூலி, சுங்க வரி, புறக்கோட்டைக் கடை வாடகை (அது எவ்வளவு எண்டு கேட்டா தலை சுத்தும்), முதலாளின்ர லாபம், என்னை இழுத்துக்கொண்டு போன பெடியன்ர கொமிசன் எல்லாம் இருக்கு. இவ்வளவும் 6,500க்குள்ள எப்பிடி அடங்கும்? என்ர கணக்கில அடங்கேல்ல. ஆரோ மிச்சத்தக் கட்டியிருக்கிறான். ஆர் அவன்?

கணக்குப்பிள்ளை
ஒருத்தரும் கட்டேல்ல தம்பி. ஒரே அச்சில லட்சக்கணக்கில வார்த்தா ஒண்டின்ர விலை இறங்கும், ஒரு கொண்டெய்னரில ஆயிரத்துக்கு மேல ஏத்தினா கப்பல் கூலி ஒண்டுக்குச் சொச்சம்தான். இதில மர்மம் ஒண்டும் இல்ல. உங்கட அம்மம்மா அந்த இரும்பு ஃபேன வாங்கின காலத்தில எத்தின வீட்டில ஃபேன் இருந்தது? இப்ப முடுக்குக்குள்ள ஒரு அறை வீட்டிலயும் ஃபேன் ஓடுது. அதையும் கணக்கில சேருங்கோ.

மருதானை பாஸ்
தம்பி ஒங்க ஃபேன் தலையை பார்க்காமலே சொல்றேன், பின்பக்கம் தண்டு சுத்துற புஷ் வளையம் காஞ்சிருக்கும். புஷ்ஷை சுத்தி எண்ணெய் ஊறின ஃபெல்ட் துண்டு ஒண்ணு வெச்சிருப்பாங்க, மலிவு சாமான்ல அது சும்மா பேருக்கு. அது காஞ்சதும் தண்டு இறுகும், மோட்டர் சுத்த மாட்டாம சூடேறும், வைண்டிங் கம்பிச் சுருளுக்குள்ள கட்டி வெச்சிருக்கிற தேர்மல் ஃபியூஸ் போயிரும். போறது நல்லதுதான், இல்லாட்டி வீடு பத்திக்கும். ஆனா ஒருக்கா போனா போனதுதான், அது திரும்ப வராது.

அந்த ஃபியூஸ் ஒரு பிளேன்டீ காசு. வேலைதான் கஷ்டம். பழைய ஃபேன் எல்லாம் செம்புக் கம்பி, வெட்டி ஒட்டலாம், முழுசா திரும்ப சுத்தியும் குடுக்கலாம். இப்ப நிறைய அலுமினியம், மேல செம்பு கலர்ல வார்னிஷ் பூசி வெச்சிருப்பான், ஈயம் பிடிக்காது, ரெண்டு தரம் மடிச்சா ஒடிஞ்சிரும். அது மட்டுமா, சில சாமான்ல ஸ்குரூவே இல்ல, ரிவிட் அடிச்சு மூடியிருக்கு. திறக்கக் கூடாதுன்னே செஞ்சது. நான் 31 வருஷமா இந்த ஸ்டூல்ல இருக்கேன், சாமானை திறந்தா செஞ்சவன் என்ன நினைச்சான்னு தெரியும்.

கம்பஸ் பொடியன்
பாஸ் சொல்றது புதுக்கதை இல்ல. 1924ல ஜெனீவால பெரிய பெரிய பல்ப் கொம்பனி எல்லாம் ஒண்டாக் கூடி ஒரு பல்ப் 1,000 மணித்தியாலத்துக்கு மேல எரியக் கூடாதெண்டு ஒப்பந்தம் போட்டவங்கள், கூட எரிஞ்சா செஞ்ச கொம்பனிக்கு ஃபைன். ஃபீபஸ் கூட்டு எண்டு தேடிப் பாருங்கோ.

மருதானை பாஸ்
அதுல ஒரு உண்மை இருக்கு தம்பி, இன்னொண்ணும் இருக்கு. அந்த கால இழை பல்ப் ரொம்ப நாள் எரியணும்னா மங்கலாத்தான் எரியும், வெளிச்சம் கூடணும்னா சீக்கிரம் போகும். ஆனா ஃபைன் போட்டானே, அங்கதான் பிடிபட்டுட்டான்.

ஜூக்கி அக்கா
மிச்சக் காச ஆர் கட்டினது எண்டு கேட்டீங்கள். ஃபேன் பற்றி எனக்குத் தெரியாது, சட்டையப் பற்றிச் சொல்லலாம். நான் முல்லைத்தீவு, கட்டுநாயக்கவில ஒரு ஃபாக்டரியில ஆறு வருசமா தைக்கிறன். சைட் சீம் மட்டும்தான் என்ர வேலை, கை வைக்கிறது வேற ஆள், கொலர் வேற ஆள். முழுச் சட்டை ஒண்டு நான் ஒரு நாளும் தைச்சதில்ல எண்டா நம்புவீங்களோ? மணித்தியாலத்துக்கு டார்கெட், லைனுக்கு முன்னால போர்ட்டில இலக்கம் மாறி மாறி வரும், குறைஞ்சா சூப்பவைசர் தலைமாட்டில வந்து நிப்பார், தண்ணி குடிச்சா பாத்ரூம் போகோணும் எண்டு பயந்து தண்ணி குடிக்காத பிள்ளையள் எங்கட லைனில இருக்கினம்.

விலைச்சீட்டையும் நாங்கள்தான் கொழுவுறது. போன மாசம் வந்த ஓடரில 29 யூரோ எண்டு அடிச்சிருந்தது. நான் போனில பெருக்கிப் பாத்தன். மூண்டு சட்டை வித்த காசு என்ர மாச அடிப்படைச் சம்பளத்த விடக் கூட. அடிப்படை எண்டா சட்டப்படி 2025 ஏப்ரலில 27,000, 2026 ஜனவரியில 30,000 ஆக்கினவை, அதுக்கு மேல ஓவர்டைம் அடிச்சாத்தான் போடிங் வாடகை குடுத்து அம்மாக்கும் அனுப்பலாம். நாங்கள் அஞ்சு பேர் ஒரு அறை. அங்க சும்மா ரெண்டு தரம் உடுத்திப்போட்டு எறியிற சட்டை அது.

கணக்குப்பிள்ளை
தங்கச்சி கோவிக்க வேண்டாம், ஆனா 29 யூரோவில அங்கத்தைக் கடை வாடகை, அங்கத்தைச் சம்பளம், வரி எல்லாம் இருக்கு. அந்த ஃபாக்டரி இல்லாட்டி முல்லைத்தீவில என்ன வேலை இருந்தது?

ஜூக்கி அக்கா
ஒண்டும் இருக்கேல்ல அண்ணா. அதாலதான் வந்தனான். வேலை வேணும் எண்டுதான் சொல்றன், ஃபாக்டரிய மூடச் சொல்லேல்ல. வேலை தந்தா கேள்வி கேக்கக் கூடாதோ? 2020ல கொரோனா வந்த உடன வெளிநாட்டுக் கொம்பனியள் தைச்சு முடிச்ச ஓடரையே வேண்டாம் எண்டினம், அந்த நட்டம் ஆற்ற தலையில விழுந்தது எண்டு நினைக்கிறீங்கள்? மெசின நிப்பாட்டினா சம்பளம் பாதி. பங்களாதேசில ராணா பிளாசா 2013 ஏப்ரல் 24ஆம் திகதி விழுந்து 1,134 பேர் செத்தவை. முதல் நாளே சுவர் வெடிச்சது தெரிஞ்சும் உள்ள போகச் சொன்னவங்கள், ஏனெண்டா ஓடர் பிந்தக் கூடாது. எங்கட கட்டடம் அப்பிடி இல்ல, நல்ல கட்டடம், அதை நான் மறைக்க மாட்டன். ஆனா பிந்தக் கூடாது எண்ட அவசரம் ஒரே அவசரம்தான்.

கொழுந்துக்கூடை
அக்கா சொல்றதப் படிச்சிட்டு நானும் எழுதுறேன். நான் ஹட்டன் பக்கம், இப்ப கொழும்புல துணிக்கடையில நிக்கிறேன், அம்மா இன்னும் மலைக்குத்தான் போறாங்க. எங்க தோட்டத்துல 18 கிலோ எடுத்தாத்தான் ஒரு பேரு, அதாவது ஒரு நாள் சம்பளம். மழையில கொழுந்து இல்லாத நாள்ல 15 கிலோ எடுத்தா அரைப்பேரு போட்டுருவாங்க, 3 கிலோ கொறைஞ்சதுக்கு பாதி சம்பளம் போச்சு. சாக்குக்குன்னும் தண்ணிக்குன்னும் வேற கழிப்பாங்க. ஆயிரம் ரூபா கேட்டு வருஷக்கணக்கா கத்தி 2021லதான் கெடச்சிச்சு, 2024ல 1,350 ஆச்சு, அதுக்குள்ள சாமான் வெலை எங்கயோ போயிருச்சு.

இங்க சூப்பர்மார்க்கட்ல தேயிலைப் பெட்டியில தவளைப் படம், பச்சை முத்திரை எல்லாம் போட்டு வச்சிருக்காங்க பாத்திருக்கீங்களா. நல்ல தோட்டத்து தேயிலையாம். ஆடிட்காரங்க வர்ற வாரம் எங்க லயத்து (தோட்டத்து வரிசை வீடு) கக்கூஸுக்கு சுண்ணாம்பு அடிச்சாங்க, கொழுந்து பறிக்கிறவங்களுக்கு புது பூட்ஸ் குடுத்து நிக்க வச்சாங்க, அவங்க போனதும் பூட்ஸ திருப்பி வாங்கிட்டாங்க. எல்லா தோட்டமும் இப்புடின்னு சொல்ல மாட்டேன். எங்களது இப்புடி. இதுல இன்னொரு கூத்து, நல்ல தூள் ஏலத்துக்குப் போயிரும், அம்மா வீட்டுல குடிக்கிறது கழிச்ச தூளு.

மோதரைக் கடல்
எல்லாரும் செய்யிற இடத்தப் பத்தி பேசுறீங்க, வழியில சிந்துறதுக்கும் ஆளுங்க இருக்கோம். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் மறந்து போச்சா? 2021 மே 20 நெருப்பு பிடிச்சுது, ஜூன் 2 மூழ்கத் தொடங்கிச்சு. 1,486 கொண்டெய்னர், அதுல 25 தொன் நைட்ரிக் அசிட். எங்கள அழிச்சது அசிட் இல்ல, சவ்வரிசி மாதிரி வெள்ளையா உருண்டை, 1,680 தொன் பிளாஸ்டிக் மணி. அதுதான் எல்லா பிளாஸ்டிக் சாமானுக்கும் மூலம், உங்க ஃபேன் இறக்கை, கதிரை, போத்தல் மூடி, எல்லாம் அந்த உருண்டையை உருக்கித்தான் செய்றாங்க. உலகத்துலயே இவ்வளவு பிளாஸ்டிக் மணி கடல்ல கொட்டினது அதுதான் முதல் தடவைன்னாங்க.

கரையில முழங்கால் அளவு குவிஞ்சு கிடந்துது, கடற்படை ஆளுங்க வெள்ளை உடுப்பு போட்டு சாக்குல அள்ளினாங்க, ஆமை செத்து செத்து ஒதுங்குது. எங்க வீட்டு மீன்பிடி போட்டை கட்டி வெச்சோம், மீன் பிடிக்க தடை. தடை இல்லாத ஊர்ல பிடிச்ச மீனையும் சனம் வாங்கல, அசிட் மீன்னு பயம். அப்பா அந்த மூணு மாசத்துல அம்மாட நகையை செட்டியார் தெருவுல வெச்சாரு, இன்னும் ரெண்டு வளையல் மீட்கல. உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில கப்பல்காரங்க 100 கோடி டொலர் கட்டணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. எங்க வளையல் வந்ததும் சொல்றேன்.

மழை அடிச்சு கடல் கொந்தளிச்சா இப்பவும் கரையில அந்த வெள்ளை மணி கிடக்கும். எங்க அக்கா மகன் அதை பொறுக்கி விளையாடுறான்.

புத்தளத்து நானா
மோதரைத் தம்பி செல்றது சரி. இப்ப எங்கட ஊர்க் கதையையும் கேளுங்க. கொழும்புக் குப்பை முதல்ல புளூமெண்டால்ல கொட்டினாங்க, அங்க மலையாகி கோட்டுக்குப் போய் நிப்பாட்டினாங்க. பொறகு மீதொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, வருசப் பொறப்பு நாள், சனம் ஊட்டுல இருந்து பலகாரம் சாப்புடுற நேரம் மலை சரிஞ்சு ஊடுகள மூடிட்டு, 30 பேருக்கு மேல மௌத்து. அதுக்குப் பொறகு எங்க கொண்டு போறண்டு பாத்து எங்கட அருவக்காட்டக் காட்டினாங்க. 170 கிலோமீட்டர்! கொழும்பு ஆக்கள் திண்ட மிச்சத்த ரயில்ல ஏத்தி எங்களுக்கு அனுப்புற திட்டம். 2018, 2019ல எங்கட பொம்புளைகள் எத்தின நாள் ரோட்டுல குந்தி இருந்தாங்க தெரியுமா, கொழும்புப் பேப்பர்ல உள்பக்கத்துல ரெண்டு வரி.

வெள்ளவத்தைத் தம்பிக்கு ஒண்டு செல்றன். ஒங்கட ஃபேன் ஓடுற கரண்டுல ஒரு பெரிய பங்கு எங்கட நுரைச்சோலையில நிலக்கரி எரிச்சு வாறது, 900 மெகாவொட், அந்தச் சாம்பல் காத்துல வந்து எங்கட வெங்காயத் தோட்டத்துல, மிளகாய்த் தோட்டத்துல, காயப்போட்ட உடுப்புல ஈக்கிது. ஓடுற ஃபேனுக்கும் எங்கட ஊரு. செத்த ஃபேனையும் எங்கட ஊருக்கே அனுப்பப் பாத்தாங்க. மிச்சக் காச ஆரு கட்டினதுண்டு கேட்டீங்களே.

வெள்ளவத்தை வாசி
நானா, இதுக்கு என்ன பதில் எழுதிறதெண்டு தெரியேல்ல. ஃபேன் எண்டுதான் தொடங்கினனான்.

கம்பஸ் பொடியன்
குப்பை கொழும்பில இருந்து புத்தளத்துக்கு மட்டும் போகேல்ல. இங்கிலாந்தில இருந்து கொழும்புக்கும் வந்தது. பழைய மெத்தை, காப்பெட், திருத்தி வேற நாட்டுக்கு அனுப்புறம் எண்டு சொல்லி 260க்கு மேல கொண்டெய்னர். 2019ல திறந்து பாத்தா மணம் தாங்கேலாது, ஆஸ்பத்திரிக் கழிவும் இருந்ததெண்டு சுங்கம் சொன்னது. வழக்குப் போட்டுத் திருப்பி அனுப்பி முடிக்க 2022 பெப்ரவரி ஆச்சு. பெரிய ஊர் சின்ன ஊருக்கு அனுப்பும், பெரிய நாடு சின்ன நாட்டுக்கு அனுப்பும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பம்பலப்பிட்டி ரீச்சர்
இவ்வளவு தெரிஞ்சும் நாங்கள் திருந்திறேல்லையே. நான் பத்து வருசமா துணிப் பைதான் கொண்டு போறன். 2017ல லஞ்ச் சீட்டையும் ரெஜிஃபோம் பெட்டியையும் தடை செய்தவை, 2021ல சின்னச் சாஷே பக்கட்டுக்கு, 2023 ஒக்டோபரில ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கோப்பை, கரண்டிக்கு. 2025 நவம்பரில இருந்து சொப்பிங் பேக்குக்குக் காசு. சட்டம் இருக்கு. சனத்துக்குத்தான் மனம் இல்ல. என்ர பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மாசம் ரெண்டு பார்சல் ஒன்லைனில வருது, ஒரு சின்னப் போன் கவருக்கு எத்தின சுத்து பபிள் கவர். சாப்பாட்டுக் கடையில இப்பவும் சோத்துப் பார்சல ஏதோ ஒரு சீட்டிலதான் சுத்துறாங்கள்.

கொழுந்துக்கூடை
டீச்சர் நீங்க நல்ல மனசுலதான் சொல்றீங்க, ஆனா சாஷே சமாச்சாரத்துல எனக்கு ஒண்ணு இருக்கு. எங்க லயத்துக்குக் கீழ கடையில இப்பவும் சாஷே தொங்குது, மாலை மாதிரி. 20 மில்லிக்குக் கீழ விக்கக் கூடாதுன்னு சட்டம், சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டும் விதிவிலக்கு, ஷாம்புக்கு இல்ல. ஆனாலும் தொங்குது. ஏன்னா போத்தல் வாங்குற காசு ஒரே நாள்ல அம்மா கையில இருக்காது. கணக்குப் போட்டா போத்தல்தான் மலிவு, அது அம்மாவுக்கும் தெரியும். இல்லாதவங்கதான் சில்லறையா வாங்கி கூட காசு குடுக்குறோம், கடைசில குப்பை போடுறதும் நாங்கதான்னு பேரு. லயத்துக்கு குப்பை வண்டி வர்றதில்ல, அதனால எரிப்போம், இல்லாட்டி ஆத்துல போடுவோம்.

பம்பலப்பிட்டி ரீச்சர்
பிள்ளை, நான் அப்பிடி யோசிக்கேல்ல. உண்மைதான்.

கணக்குப்பிள்ளை
இப்ப எல்லாருமாச் சேர்ந்து என்னை வில்லனாக்க முதல் சொல்லிப்போடுறன். விலை குறைவு எண்டது முழு உண்மை எண்டு நான் சொல்லேல்ல, விலையில எழுதாத செலவு இருக்கெண்டு எங்கட பாடத்திலயும் இருக்கு, அதுக்குப் பேரே வெளிப்புறச் செலவு. என்ர கேள்வி வேற. நாளைக்கே புத்தளத்துச் சாம்பலையும் மோதரை வளையலையும் அந்த ஃபேன் விலையில ஏத்தி 18,000 ரூபா எண்டு வித்தா முடுக்குக்குள்ள இருக்கிற மனிசி எதால விசிறுறது?

மருதானை பாஸ்
கணக்கு ஐயா, பதில் என்கிட்ட இருக்கு. 2022ல டொலர் இல்லாம ஆயிரத்துக்கு மேல சாமானுக்கு இறக்குமதி நிப்பாட்டினாங்களே, அந்த வருஷம் என் கடைக்கு முன்னால வரிசை. பெட்ரோல் வரிசை மாதிரி இல்ல, ஆனா வரிசை. பரண்ல கிடந்த மிக்சி, கட்டிலுக்குக் கீழ கிடந்த ரைஸ் குக்கர், மாமியார் சீதனமா கொண்டு வந்த அயன், எல்லாம் வந்துச்சு. ரெண்டு பொடியன வேலைக்கு எடுத்தேன். முடுக்கு சனம்தான் கூட வந்தாங்க, 800 ரூபாய்க்கு ஃபேன் ஓடுச்சு. யாரும் சுற்றாடல்னு வாய் திறக்கல. சாமான் இல்ல, அவ்வளவுதான். திரும்ப கொண்டெய்னர் வர ஆரம்பிச்சதும் கடையில ஈ ஓட்டுறேன். ஒரு பொடியன் கட்டார் போயிட்டான், மத்தவன் பிக்மீ ஓட்டுறான்.

அதனால 18,000க்கு விக்க வேணாம். திறக்கக் கூடிய மாதிரி செஞ்சு, புஷ்ஷும் ஃபியூஸும் தனியா கடையில கிடைச்சா போதும். ரிவிட்டுக்குப் பதிலா நாலு ஸ்குரூ, அதுக்கு எவ்வளவு கூடும்?

செத்த சாமான் எங்க போகுதுன்னும் சொல்லட்டா. எங்க தெருவுக்குப் பின்னால கால்வாய்க் கரையில பொடியனுங்க வயர் கூட்டத்தை குவிச்சு எரிப்பாங்க, செம்பு எடுக்க. ரப்பர் மாதிரி கறுப்புப் புகை, தொண்டை பிடிக்கும். செம்புக்கு நல்ல விலை. ஒங்க ஃபேன்ல அலுமினியம்னா அவனுக்கும் லாபம் இல்ல, கால்வாய்க்குள்ள போட்டுட்டுப் போவான்.

கம்பஸ் பொடியன்
2022ல மட்டும் உலகத்தில 62 மில்லியன் தொன் மின் கழிவு, ஐநா கணக்கு. அதில முறையாச் சேர்த்து மறுசுழற்சி செய்தது 22.3 வீதம். மிச்சத்தில ஒரு பங்கு பாஸின்ர கால்வாய் மாதிரி இடங்களில.

ஜூக்கி அக்கா
பாஸ் அண்ணா, தையல் மெசின் மோட்டர் திருத்துவீங்களோ? போடிங்கில ஒரு பழைய மெசின் இருக்கு. கிழிஞ்ச உடுப்புத் தைச்சுக் குடுத்தா ஞாயிற்றுக்கிழமையில கொஞ்சக் காசு வரும் எண்டு யோசிக்கிறன். அறைப் பிள்ளையள் ஜீன்ஸ் சிப் போனாலே எறியினம், சிரிப்பா இருக்கு, நாங்கள் நாள் முழுக்கத் தைக்கிற ஆக்கள்.

மருதானை பாஸ்
திருத்துவேன் தங்கச்சி. கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும், வேற ஒண்ணும் இருக்காது. நீங்க கட்டுநாயக்கவுல இருந்து தூக்கிட்டு வர வேணாம், மோட்டரை மட்டும் கழட்டுங்க, ரெண்டு ஸ்குரூதான். பழைய மெசின், அதுல ஸ்குரூ இருக்கும்.

வெள்ளவத்தை வாசி
பாஸ், என்ர ஃபேன் அலுமினியம் எண்டா கடைசி வரைக்கும் ஏலாதோ? பெட்டியக் கூட இன்னும் எறியேல்ல. மனிசி பல்கனியில இடம் அடைச்சுக்கொண்டு நிக்குது எண்டு பேசுறா, புதுசு வாங்கச் சொல்றா, இந்த வெக்கையில அவவிலயும் பிழை இல்ல.

மருதானை பாஸ்
ஏலாதுன்னு இல்ல தம்பி, ஈயம் பிடிக்காட்டி சின்ன ஸ்லீவ் போட்டு நெரிச்சு விடுவேன். வைண்டிங் கருகியிருந்தா மட்டும் கஷ்டம், மோந்து பாருங்க, கருகல் மணம் இல்லாட்டி 900 ரூபாய்க்கு முடிச்சிரலாம். எவ்வளவு நாள் ஓடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். மாசத்துக்கு ஒருக்கா பின்பக்கம் ரெண்டு சொட்டு தையல் மெசின் எண்ணெய் விடுங்க, தேங்காயெண்ணெய் விட்டுறாதீங்க, அது பிசினாகி இன்னும் மோசமாக்கும்.

வரும்போது ஸ்டாண்டை வீட்டுலயே வெச்சிட்டு தலையை மட்டும் கழட்டி எடுத்துட்டு வாங்க. முழுசா தூக்கிட்டு வந்தா 101ல கொண்டக்டர் ரெண்டு டிக்கட் கேப்பான்.